குளிர்காலத்தை வெளிநாட்டில் கழிக்கும் கனடியர்கள் எத்தனை நாள் தங்கலாம்: முதன்முறை புறப்படுவோருக்கான வழிகாட்டி

"ஆறு மாதம் போய் நிற்கலாம்" என்பதுதான் ரொறன்ரோவில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில். பதில் பிழையில்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தை யார் எண்ணுகிறார், எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார், புறப்படும் நாளையும் சேர்த்து எண்ணுகிறாரா என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பெரும்பாலானோரிடம் விடை இருக்காது. மாகாணத்தின் சுகாதாரக் காப்புறுதி ஒரு கணக்கை வைத்திருக்கிறது. அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் இன்னொன்றைப் பார்க்கிறார்கள். அமெரிக்க வரித்துறைக்கு மூன்றாவது கணக்கு. கனடாவின் முதியோர் கொடுப்பனவுகளுக்கு நான்காவது. இவை ஒன்றோடொன்று பேசி ஒத்துப்போனவை அல்ல. இவற்றுள் எதன் எல்லை உங்களுக்கு முதலில் வருகிறதோ அதுவே உங்கள் எல்லை. ஆகவே பயணச்சீட்டை வாங்குவதற்கு முன் ஒரு நாட்காட்டியை எடுத்துவைத்து, கீழே உள்ள ஒழுங்கில் ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

உதாரணத்துக்கு ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். ஸ்காபரோவில் வசிக்கும் இருவரும் கனடியக் குடிமக்கள். நவம்பர் 1ஆம் தேதி புளோரிடாவுக்குப் புறப்பட்டு, ஏப்ரல் 30ஆம் தேதி திரும்புகிறார்கள். லீப் வருடமல்லாத வருடத்தில் இது இரு முனை நாட்களையும் சேர்த்து 181 நாட்கள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது படி: மாகாணத்தின் சுகாதார அட்டை

ஒன்ராறியோவில் ஓஹிப் காப்புறுதி தொடர வேண்டுமானால், எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் அதில் குறைந்தது 153 நாட்கள் நீங்கள் மாகாணத்துக்குள் இருந்திருக்க வேண்டும். உங்கள் முதன்மையான வீடும் இங்கேயே இருக்க வேண்டும். மறுபக்கமாகச் சொன்னால், 212 நாட்கள் வரை வெளியே இருக்கலாம். ஜனவரி முதல் டிசம்பர் வரையான நாட்காட்டி வருடம் இங்கே செல்லாது. எந்த நாளிலிருந்து பின்னோக்கிப் பார்த்தாலும் கணக்குச் சரியாக வர வேண்டும். எனவே குளிர்காலப் பயணத்தை மட்டும் எண்ணுவது போதாது. நமது தம்பதி 181 நாட்களைப் புளோரிடாவில் கழித்துவிட்டு வந்து, ஜூலையில் நியூ ஜெர்சியில் ஒரு கலியாண வீட்டுக்கு நான்கு நாட்கள் போய்வந்து, பிறகு நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஐந்து வாரம் யாழ்ப்பாணத்தில் நின்றால், மொத்தம் 220 ஆகிவிடும். ஒவ்வொரு பயணமும் தனித்தனியே பார்க்கச் சிறியதுதான். கூட்டினால் எல்லையை எட்டு நாட்கள் தாண்டிவிட்டது. நீண்ட காலம் வெளியே நிற்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தால், புறப்படுமுன் சேர்விஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அரச சேவை நிலையத்தில் கேட்டு விண்ணப்பிக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதற்கும் முந்திய வருடங்களில் நீங்கள் இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. திரும்பி வந்து காரணம் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

மொன்றியலில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கியூபெக் மாகாணம் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையான நாட்காட்டி வருடத்தைப் பார்க்கிறது. அந்த வருடத்துக்குள் 183 நாட்களோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் காப்புறுதித் தகுதி பறிபோகும். ஆனால் 21 நாட்களோ அதற்குக் குறைவாகவோ நீடிக்கும் பயணங்களை அது கணக்கில் சேர்ப்பதில்லை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, எல்லையைத் தாண்டவும் அனுமதிக்கிறது. ஆகவே அந்த நியூ ஜெர்சிக் கலியாணம் ஸ்காபரோக்காரருக்கு நான்கு நாட்கள். மொன்றியல்காரருக்குச் சுகாதார அட்டையைப் பொறுத்தவரை ஒன்றுமேயில்லை. அண்ணனுக்குப் பொருந்தியது தம்பிக்குப் பொருந்தாது என்பதால், வேறு மாகாணத்து உறவினரின் அறிவுரையைக் கேட்டு நடக்க வேண்டாம்.

பிரிட்டிஷ் கொலம்பியா விடுமுறைக்குப் போவோரை நாட்காட்டி வருடத்தில் ஏழு மாதம் வரை அனுமதிக்கிறது. நியூஃபவுண்ட்லாந்து எட்டு மாதம் வரை விடுகிறது. மற்ற மாகாணங்களுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. உங்கள் மாகாணச் சுகாதாரத் திட்டத்தின் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி: அமெரிக்க எல்லையில்

மாகாணம் 212 நாட்கள் தந்தாலும் அமெரிக்கா அவ்வளவு தராது. புதிதாகப் போகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். கனடியக் குடிமக்கள் விசா இல்லாமல் பார்வையாளராக நுழையலாம். வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும். அதிகாரி அதைவிடக் குறைவான தேதியைக் கொடுத்தால் அந்தத் தேதியே செல்லும். நடைமுறையில் எல்லை அதிகாரிகள் கடந்த பன்னிரண்டு மாதங்களைப் பின்னோக்கிப் பார்த்து, 182 நாட்களுக்கு மேல் போகிறதா என்று கவனிக்கிறார்கள். இங்கே நாளின் ஒரு பகுதியும் முழு நாள்தான். காலையில் பஃபலோவுக்குப் போய்க் கடைகளைச் சுற்றிவிட்டு மாலையில் திரும்பினாலும் ஒரு நாள். இரவு பதினொன்றரை மணிக்கு எல்லையைக் கடந்தாலும் அதுவும் ஒரு நாள்.

நமது தம்பதியின் 181 நாட்களைப் பாருங்கள். மிஞ்சியிருப்பது ஒரே ஒரு நாள். லீப் வருடமானால் அதுவும் இல்லை. நியூ ஜெர்சிக் கலியாணத்துடன் 185 ஆகிவிடுகிறது. இடையில் நத்தாருக்குக் கனடாவுக்கு வந்து திரும்பினால் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை.

கடவுச்சீட்டில் முத்திரை குத்தவில்லை, ஆகவே யாருக்கும் தெரியாது என்று நினைத்த காலம் போய்விட்டது. கனடாவும் அமெரிக்காவும் எல்லைப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. தரைவழியாக வெளியேறும் அனைவரின் விபரங்களையும் 2019 முதலும், வான்வழியாக வெளியேறுவோரின் விபரங்களை 2020 முதலும் கனடிய எல்லைச் சேவை திரட்டுகிறது. ஒருநாட்டின் நுழைவு மறுநாட்டின் வெளியேற்றமாகப் பதிவாகிறது. அனுமதித்த காலத்துக்கு மேல் 180 நாட்களைத் தாண்டித் தங்கியவருக்கு மூன்று வருடமும், ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கியவருக்குப் பத்து வருடமும் நுழைவுத் தடை விழலாம். சில நாட்கள் மட்டும் கூடிவிட்டால் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் அடுத்த வருடம் எல்லையில் உள்ளே அழைத்துச்சென்று இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்பதற்கு அதுவே போதும்.

2025 ஏப்ரல் 11 முதல் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 30 நாட்களோ அதற்கு மேலோ தங்கும் வெளிநாட்டவர் பதிவு செய்திருக்க வேண்டும். விமானத்தில் போகிறவர்களுக்கு ஐ-94 என்ற நுழைவுப் பதிவு தானாகவே உருவாகிவிடும். அதுவே பதிவாகக் கொள்ளப்படும். அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் அதைத் தேடி எடுத்து, அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். அதில் எழுதியிருக்கும் கடைசித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். காரில் போகும் கனடியர்களுக்கு இது பெரும்பாலும் தானாகக் கிடைப்பதில்லை. அவர்கள் ஒன்றில் புறப்படுமுன் இணையவழியே கட்டணம் செலுத்தி ஐ-94க்கு விண்ணப்பித்து எல்லையில் முடித்துக்கொள்ளலாம். அல்லது நுழைந்த பின் 30 நாட்கள் முடிவதற்குள் ஜி-325ஆர் என்ற படிவத்தை இணையத்தில் நிரப்பலாம். முதல் வழிதான் நல்லது என்பது என் எண்ணம். கடைசித் தேதி எழுத்தில் கிடைத்துவிடுகிறது.

எல்லையில் அதிகாரிக்குத் தெரிய வேண்டியது நீங்கள் திரும்பிப் போவீர்களா என்பது ஒன்றுதான். வீட்டு வரிப் பற்றுச்சீட்டு, மின்கட்டணச் சீட்டு, ஓய்வூதியம் வரவாகும் வங்கிக் கணக்கின் அறிக்கை, திரும்பும் தேதிக்கான பயணச்சீட்டு ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். கேட்டால் மட்டும் காட்டுங்கள்.

கனடாவில் நிரந்தர வதிவுரிமை மட்டும் பெற்று, இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு மேலே சொன்ன விசா விலக்குக் கிடையாது. அவர்கள் பார்வையாளர் விசாவை முன்னரே எடுக்க வேண்டும். கனடாவுக்குள் ஐந்து வருடத்தில் 730 நாட்கள் இருக்க வேண்டும் என்ற வதிவுரிமைக் கடப்பாடும் அவர்களுக்குண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் காத்திருப்பவர் என்றால் ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் தேவை என்பதால், நீண்ட குளிர்காலப் பயணங்களைக் குடியுரிமை கிடைக்கும் வரை தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம்.

ஐம்பது வயதைத் தாண்டிய கனடியர்கள் 240 நாட்கள் தங்கலாம் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்திருந்தால், அது 2025இல் அமெரிக்கக் காங்கிரசில் முன்வைக்கப்பட்ட ஒரு சட்டமூலத்தைப் பற்றியது. சட்டமூலம் சட்டம் அல்ல. அதை நம்பி வாடகை ஒப்பந்தம் எழுத வேண்டாம்.

மூன்றாவது படி: அமெரிக்க வரித்துறையின் எண்கணிதம்

குடிவரவு விதிக்கு உட்பட்டே தங்கினாலும், வரித்துறை உங்களை அமெரிக்க வதிவாளராகக் கருதிவிடலாம். அவர்களுடைய சோதனை மூன்று வருடங்களைச் சேர்த்துப் பார்க்கிறது: நடப்பு நாட்காட்டி வருடத்தில் அங்கே இருந்த நாட்கள் முழுவதும், முந்திய வருடத்து நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கும் முந்திய வருடத்து நாட்களில் ஆறில் ஒரு பங்கு. நடப்பு வருடத்தில் குறைந்தது 31 நாட்கள் இருந்து, இந்தக் கூட்டுத்தொகை 183ஐ எட்டினால் நீங்கள் சோதனைக்குள் அகப்படுகிறீர்கள். வருடா வருடம் 121 நாட்களோடு நிறுத்திக்கொள்பவருக்குக் கூட்டுத்தொகை 181.5 தான், 122 நாட்கள் என்றால் சரியாக 183.

நமது தம்பதிக்கு முதல் நாட்காட்டி வருடத்தில் நவம்பரும் டிசம்பரும் மட்டும்: 61 நாட்கள், பிரச்சினை இல்லை. இரண்டாவது வருடத்தில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை 120, மீண்டும் நவம்பர், டிசம்பர் 61, ஆக 181. அதோடு முந்திய 61இன் மூன்றிலொரு பங்கைக் கூட்டினால் 201ஐத் தாண்டிவிடும். அதாவது இரண்டாவது வருடமே அகப்பட்டுவிட்டார்கள். இதனால் வரி கட்ட வேண்டும் என்று பதற வேண்டியதில்லை. உங்கள் வீடு, குடும்பம், வங்கி, வாகன அனுமதிப்பத்திரம் எல்லாம் கனடாவில்தான் என்று காட்டும் 8840 என்ற படிவத்தை அனுப்பினால் விலக்குக் கிடைக்கும். அமெரிக்காவில் வருமானம் எதுவும் இல்லாதவர்களுக்கு மறுவருடம் ஜூன் 15 அதன் கடைசி நாள். கணவனும் மனைவியும் தனித்தனியே நிரப்ப வேண்டும். ஒரே படிவத்தில் இருவரையும் எழுத முடியாது.

ஆனால் இந்தப் படிவத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: நடப்பு நாட்காட்டி வருடத்தில் மட்டும் அங்கே இருந்த நாட்கள் 183க்குக் குறைவாக இருக்க வேண்டும். 181 என்றால் தப்பித்தீர்கள். நியூ ஜெர்சிக் கலியாணத்தோடு 185 ஆனால் 8840 உதவாது. கனடா அமெரிக்க வரி உடன்படிக்கையைக் காட்டி, முழு வரி அறிக்கையுடன் வேறு படிவமும் போட வேண்டும். அதற்கு எல்லை தாண்டிய வரிக் கணக்கு தெரிந்த கணக்காளர் தேவைப்படுவார். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் கலியாணத்துக்குக் கொடுத்த மொய்யைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

நான்காவது படி: ஓய்வூதியமும் மேலதிகக் கொடுப்பனவும்

வேலை செய்து கட்டிய சி.பி.பி. ஓய்வூதியம் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் வரும். ஓ.ஏ.எஸ். எனப்படும் முதியோர் ஓய்வூதியம் அப்படியல்ல. பதினெட்டு வயதுக்குப் பிறகு கனடாவில் குறைந்தது 20 வருடங்கள் வாழ்ந்தவருக்கு அது வெளிநாட்டிலும் தொடரும். அதைவிடக் குறைவாக வாழ்ந்தவர் வெளியே போனால், புறப்பட்ட மாதத்துக்குப் பின் ஆறு மாதங்கள் வரைதான் கிடைக்கும். பிள்ளைகளின் அனுசரணையில் வயதுபோன பின் வந்த பெற்றோர் பலர் இந்த இரண்டாவது வகையினர். குறைந்த வருமானமுள்ளோருக்கான ஜி.ஐ.எஸ். கொடுப்பனவுக்கு இந்த ஆறு மாத எல்லை எல்லோருக்கும் உண்டு; நாற்பது வருடம் கனடாவில் வாழ்ந்தவருக்கும் விலக்கில்லை. எல்லைப் பதிவுகள் இந்தக் கொடுப்பனவுகளை நடத்தும் திணைக்களத்துக்கும் போகின்றன. கூடுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ குளிர்காலத்தைக் கழிக்கும் நம்மவர்களுக்கு அமெரிக்காவின் இரண்டு கணக்குகளும் இல்லை; இலங்கையின் இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவருக்கு அங்கே தங்கும் கால எல்லையும் இல்லை. அதனாலேயே "ஊரில்தானே நிற்கிறோம்" என்று ஏழாவது எட்டாவது மாதம் வரை நீடித்துவிடுவது எளிது. மாகாணத்தின் 212 நாட்களும் ஜி.ஐ.எஸ்.இன் ஆறு மாதமும் அங்கேயும் கூடவே வருகின்றன. வருமானத்துக்கேற்ற வாடகை வீட்டில் இருப்பவர்கள் மேலும் கவனிக்க வேண்டும்: வீட்டைப் பூட்டிவிட்டு எத்தனை நாள் வெளியே இருக்கலாம் என்பதற்கு வீடமைப்பு நிர்வாகம் தனி எல்லை வைத்திருக்கும், அது பெரும்பாலும் மேலே சொன்ன எல்லாவற்றையும்விடக் குறுகியது. வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒன்ராறியோ உதவித்தொகையான ஓ.டி.எஸ்.பி. பெறுபவருக்கு வழக்கமான எல்லை 30 நாட்கள் மட்டுமே.

மெக்சிக்கோ போகிறவர்களுக்கு அதிகபட்சம் 180 நாட்கள், அதுவும் அதிகாரி எழுதித் தருவதைப் பொறுத்தது. போர்த்துக்கல், ஸ்பெயின் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களை எடுத்தாலும் 90 நாட்கள்தான்.

ஐந்தாவது படி: பயணக் காப்புறுதியும் மருந்தும்

ஓஹிப் வெளிநாட்டு மருத்துவமனைக்குக் கொடுப்பது மிகச் சிறிய தொகை: தீவிர சிகிச்சை போன்ற உயர்நிலைப் பராமரிப்புக்கு நாளொன்றுக்கு 400 டொலர் வரை, மற்றபடி உள்நோயாளருக்கு 200 டொலர் வரை. புளோரிடாவின் மருத்துவமனைக் கட்டணத்துக்கு முன் இது எம்மாத்திரம்? எனவே தனியார் பயணக் காப்புறுதி இல்லாமல் புறப்படவே கூடாது. அந்தக் காப்புறுதி செல்லுபடியாவதற்கு மாகாணச் சுகாதார அட்டை உயிரோடு இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. 212ஐத் தாண்டியவர் இரண்டையும் ஒன்றாக இழக்கிறார்.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய வார்த்தை, நோய் "மாற்றமின்றி நிலையாக" இருந்த காலம். புறப்படுமுன் 90 நாட்கள் அல்லது 180 நாட்கள் நோயிலும் மருந்திலும் மாற்றம் இருந்திருக்கக் கூடாது என்று காப்புறுதிப் பத்திரம் சொல்லும். ஒக்டோபரில் வைத்தியர் உங்கள் நீரிழிவு மருந்தான மெற்ஃபோர்மின் அளவைக் குறைத்திருந்தால், உங்களுக்கு அது நல்ல செய்தி. பல காப்புறுதிப் பத்திரங்களுக்கு அதுவும் ஒரு மாற்றம், அந்த நோய் சம்பந்தமான செலவைத் தர மறுப்பதற்கு அதுவே காரணமாகலாம். ஆகவே வருடாந்தப் பரிசோதனையை ஓகஸ்டுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதும் மாறினால் நிறுவனத்துக்கு அறிவித்து, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

ஒன்ராறியோவின் முதியோர் மருந்துத் திட்டம் ஒரே தடவையில் 100 நாட்களுக்கான மருந்தைத் தரும். 100 முதல் 200 நாட்கள் வரை வெளியே போகிறவர் பயணத்துக்கான ஆதாரத்தைக் காட்டினால் மேலும் 100 நாட்களுக்குப் பெறலாம். இதை மருந்தகத்தில் இரண்டு வாரம் முன்னதாகவே சொல்லி வைப்பது நல்லது.

தங்கும் காலம் முடியும் தறுவாயில் அமெரிக்காவில் நோய்வாய்ப்பட்டு, பயணம் செய்ய முடியாமல் போனால், அனுமதித் தேதி முடிவதற்கு முன் ஐ-539 படிவத்தின் மூலம் நீடிப்புக் கேட்க வேண்டும். வரிக் கணக்கில் அந்த நாட்களைக் கழித்துக்கொள்ள 8843 என்ற படிவம் இருக்கிறது. இப்படியொரு நிலைமைக்காகவே, 182 நாட்களையும் கடைசி நாள் வரை திட்டமிடாமல், குறைந்தது பத்து நாட்களைக் கையில் வைத்திருக்கச் சொல்வேன்.

ஆறாவது படி: பூட்டிய வீடு

குளிர்காலத்தில் நான்கு நாட்களுக்கு மேல் வீட்டில் ஆளில்லாவிட்டால், யாராவது தினமும் வந்து வீடு சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வெறுமையாக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறைந்து வெடித்த குழாயின் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று பல வீட்டுக் காப்புறுதிகள் சொல்கின்றன. திறப்பை மகனிடம் கொடுத்துவிட்டோம் என்பது போதாது. அவர் மார்க்கம் நகரிலிருந்து வாரம் ஒருமுறைதான் வருவார் என்றால், நிலவறையில் உள்ள பிரதான வால்வை மூடி, ஒவ்வொரு குழாயையும் திறந்து வடியவிட்டுப் புறப்படுங்கள்.

தபால் இன்னொரு விடயம். பெப்ரவரி இறுதிக்குள் வரிச் சீட்டுகள் வந்து சேரும். கனடிய வருமான வரி அறிக்கையின் கடைசி நாள் ஏப்ரல் 30. நமது தம்பதி திரும்பும் நாளும் அதுதான். ஜி.ஐ.எஸ். அடுத்த ஜூலையில் புதுப்பிக்கப்படுவது இந்த அறிக்கையை வைத்துத்தான் என்பதால், சீட்டுகளை இணையவழி பெற ஏற்பாடு செய்துவிட்டுப் போவது அல்லது ஏப்ரல் நடுப்பகுதியில் திரும்புவது நல்லது. எண்பது வயதாகும் சாரதிகள் ஒன்ராறியோவில் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க நேரில் வர வேண்டியிருக்கும். அந்தத் தேதி ஜனவரியில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது படி: திரும்பி வந்தபின்

ஒரு சாதாரணக் கொப்பியில் வருடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எல்லையைக் கடந்த தேதி, திரும்பிய தேதி, எந்த நாடு என்ற மூன்று நிரல்களை எழுதி வாருங்கள். பஃபலோப் பயணத்தையும் விடாதீர்கள். பெற்றோல் பற்றுச்சீட்டு, விமானச் சீட்டின் துண்டு ஆகியவற்றை அதே கொப்பிக்குள் செருகி வைத்தால், பிற்காலத்தில் யாரும் கேட்டால் காட்டலாம். திரும்பிய வாரமே ஐ-94 தளத்துக்குச் சென்று, நீங்கள் வெளியேறியது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தரைவழியாக வந்தவர்களின் வெளியேற்றம் சில வேளைகளில் பதிவாகாமல் போவதுண்டு. மே மாதத்தில் 8840 படிவங்கள் இரண்டையும் அந்தக் கொப்பியைப் பார்த்து நிரப்பி, பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ஜூன் 15க்கு முன்னதாகப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.